ஆளுங்க நடுவுல இருந்தாலே களைச்சுப் போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசுல நிறைய பேருக்கு ஒரு சந்தேகம் வரும், உடம்புல ரத்தம் கம்மியா இருக்கோ, தைராய்டு டெஸ்ட் எடுக்கணுமோன்னு. வேலை ஒண்ணும் முதுகு ஒடியுற வேலை இல்ல, ஏசில உட்கார்ந்துதான் செய்யறோம், ஆனா சாயங்காலம் ரூமுக்கு வந்தா செருப்பைக் கழட்டக்கூட தெம்பு இல்ல, ரூம்மேட் "சாப்ட்டியா"ன்னு கேட்டா அதுக்குப் பதில் சொல்ல வாய் வரல. டெஸ்ட் எடுத்துப் பாருங்க, தப்பே இல்ல, ரத்தசோகை நம்ம ஊர்ல நிஜமாவே அதிகம். எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னா அதுக்கப்புறம் இதைப் படிங்க.

இன்ட்ரோவர்ட், அதாவது கும்பலை விட ஒதுங்கி அமைதியா இருக்கறதை விரும்பற ஆளுன்னு ஒரு வார்த்தை இப்ப எல்லார் வாயிலயும் இருக்கு. அதைப் பரவலாக்கினது சுவிட்சர்லாந்து மனநல டாக்டர் கார்ல் யுங், 1921ல. அதுக்கப்புறம் வந்தவங்க அதை நிறைய மாத்திட்டாங்க. இப்ப ஆராய்ச்சி பண்றவங்க ஆளுங்களை ரெண்டு கட்சியா பிரிக்கறது இல்ல, ஒரே கோட்டுல வரிசையா நிறுத்தறாங்க, பெரும்பாலானவங்க நடுவுலதான் நிப்பாங்க, ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் பேர். அதனால நான் அப்படியா இப்படியான்னு ஆன்லைன் டெஸ்ட் எழுதிட்டு இருக்க வேணாம். ஆளுங்களோட இருந்தா பேசுற தெம்பு சீக்கிரம் தீர்ந்து போகுது, தனியா கொஞ்ச நேரம் இருந்தா திரும்ப வருது, அவ்ளோதான், இது உங்களுக்கு நடக்குதுன்னா இது உங்களுக்கு எழுதினதுதான்.

இதைப் பத்தி இன்டர்நெட்ல கிடைக்கற அட்வைஸ்ல எனக்கு ஒரு பெரிய பிரச்சனை இருக்கு. எல்லாமே தனி ரூம் இருக்கறவங்களுக்கு எழுதினது. கதவைச் சாத்திக்கோ, சனி ஞாயிறு யாரையும் பாக்காத, எனக்குத் தனிமை வேணும்னு வீட்டுல தெளிவா சொல்லிடு. சொல்லிப் பாருங்களேன். ரெண்டு ரூம் வீட்டுல அஞ்சு பேர் இருக்கோம், கதவைச் சாத்தினா பத்து நிமிஷத்துல அம்மா தட்டி என்னாச்சுன்னு கேப்பாங்க, ராத்திரிக்குள்ள பெரியம்மாவுக்குப் போன் போயிடும், பையன் ஒரு மாதிரியா இருக்கான்னு. இங்க தனியா இருக்கணும்னு கேட்டா அது கோவம், இல்லன்னா லவ் ஃபெயிலியர். அதே ஆளு வேலை இருக்குன்னு சொன்னா யாரும் கிட்டயே வர மாட்டாங்க, டீ கூட சத்தம் இல்லாம வச்சுட்டுப் போவாங்க. கீழ வர்ற எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை: தனிமையைக் கேட்டு வாங்காதீங்க, கையில ஒரு வேலையை எடுத்துக்கோங்க.

முதல் படி: களைப்பா, பயமா

இதைப் பிரிச்சுப் பார்க்காம மத்த எதையும் ஆரம்பிக்காதீங்க. ஒரு ஃபங்ஷனுக்குப் போறீங்க, நல்லாதான் பேசறீங்க, சிரிக்கறீங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு போதும் வீட்டுக்குப் போலாம்னு இருக்கு, வீட்டுக்கு வந்து தூங்கினா சரியாயிடுது. இது களைப்பு. இன்னொண்ணு, போறதுக்கு நாலு நாள் முன்னாடியே வயித்தைக் கலக்குது, அங்க எல்லாரும் நம்மளையே பாக்கற மாதிரி இருக்கு, வந்தப்புறமும் "அப்படிச் சொல்லிருக்கக் கூடாதோ"ன்னு ராத்திரி முழுக்க ஓடுது. இது பயம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். களைப்புக்கு இந்தக் கட்டுரை போதும், பயத்துக்குப் போதாது, அதுக்கு என்ன பண்றதுன்னு கடைசில இருக்கு, தேவைப்பட்டா நேரா அங்க போயிடுங்க.

ரெண்டாவது படி: ஒரு வாரம் எழுதி வைங்க

போன்ல நோட்ஸ்லயே போதும். யாரோட இருந்தீங்க, எவ்ளோ நேரம், சத்தமா இருந்துச்சா, எப்ப முடியும்னு முன்னாடியே தெரிஞ்சுச்சா, சிரிச்ச முகமாவே இருக்க வேண்டியிருந்துச்சா. ராத்திரி படுக்கறப்ப எவ்ளோ களைப்புன்னு ஒரு மார்க், பத்துக்கு இத்தனைன்னு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பின்லாந்துல காலேஜ் பசங்களை வச்சு பண்ணின ஒரு ஆய்வு 2017ல வந்துச்சு, கலகலன்னு பேசிப் பழகினப்ப அந்த நேரத்துல எல்லாருக்கும் நல்லாதான் இருந்திருக்கு, களைப்பு வந்தது சுமார் மூணு மணி நேரம் கழிச்சு. அதுவும் இன்ட்ரோவர்ட்டுக்கு மட்டும் இல்ல, வாயாடிகளுக்கும்தான். அதனால ராத்திரி ஒன்பது மணிக்கு உங்களுக்கு ஆளைப் பாத்தாலே எரிச்சலா வருதுன்னா, ஒன்பது மணிக்கு எதிர்ல இருக்கற ஆளு மேல பழி போடாதீங்க. ஆறு மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு பாருங்க. எத்தனை வீட்டுல சாயங்காலம் டீம் மீட்டிங்ல நடந்ததுக்கு ராத்திரி தோசை ஊத்துற அம்மாவோ பொண்டாட்டியோ திட்டு வாங்கறாங்க!

ஒரு வாரம் எழுதினா பெரும்பாலும் ஒரு விஷயம் தெரிய வரும், எத்தனை பேர்ங்கறது அவ்ளோ பெரிய கணக்கே இல்ல. என் அனுபவத்துல தெம்பைத் தின்னுறது மூணுதான், சத்தம், எப்ப முடியும்னு தெரியாம இருக்கறது, முகத்துல ஒண்ணை ஒட்டி வச்சுக்கிட்டே இருக்கறது. நாலு பேரோட இருட்டின அப்புறம் மொட்டை மாடில உட்கார்ந்து பேசினா ஒண்ணுமே ஆகாது, ஒரே ஒரு மேனேஜரோட அரை மணி நேரம் கார்ல போனா ஆள் காலி. உங்க லிஸ்ட் வேற மாதிரி இருக்கலாம், அதான் எழுதிப் பாக்கச் சொல்றேன்.

மூணாவது படி: ஆபீஸ்

தடுப்பே இல்லாத பெரிய ஹால்ல எல்லாரையும் வரிசையா உட்கார வச்சா நிறைய பேசுவாங்கன்னு கம்பெனிங்க நினைக்கறாங்க. ஹார்வர்டைச் சேர்ந்த ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த மாதிரி ஹாலுக்கு மாறின ரெண்டு கம்பெனிகளை அளந்து 2018ல வெளியிட்டாங்க, நேருக்கு நேர் பேசறது ஏறத்தாழ 70 சதவீதம் குறைஞ்சு மெயிலும் மெசேஜும் கூடிருந்துச்சு. ஆக ஹெட்போனை மாட்டிட்டு தலையைக் குனிஞ்சுக்கறது நீங்க மட்டும் இல்ல.

சீட் மாத்திக் கேக்க வாய்ப்பு இருந்தா சுவர் ஓரமோ தூண் பக்கமோ கேளுங்க, முதுகுக்குப் பின்னாடி ஆள் நடக்காம இருந்தாலே பாதி நிம்மதி. காரணம் ஏசி காத்து நேரா அடிக்குதுன்னு சொல்லிக்கலாம், அதைப் புரிஞ்சுக்காத ஹெச்.ஆர். கிடையாது.

மதிய சாப்பாடுதான் புதுசா சேர்றவங்களுக்குப் பெரிய தலைவலி. தினமும் கும்பலோட போனா மதியத்துக்கு மேல வேலை ஓடாது, தினமும் தனியா சாப்பிட்டா திமிர் பிடிச்சவங்கன்னு பேர் வந்துடும். வாரத்துல ரெண்டு நாள் கும்பலோட போங்க, அதுல ஒண்ணு வெள்ளிக்கிழமையா இருக்கட்டும், அன்னிக்கு எல்லாரும் ஊருக்குக் கிளம்புற மூட்ல இருப்பாங்க, பேச்சு லேசா போகும், உங்களை யாரும் நோண்ட மாட்டாங்க. மத்த நாள் கொஞ்சம் முன்னாடியே போய் சாப்ட்டுட்டு வந்துடுங்க. டீ பிரேக் வேற கதை, அதைத் தவறவிடாதீங்க, ஏன்னா டீக்கடைப் பேச்சுக்கு ஒரு அளவு இருக்கு, கிளாஸ் காலியானா பேச்சும் முடிஞ்சுடும். எப்ப முடியும்னு தெரிஞ்ச பேச்சு களைப்பாக்காது. ஆபீஸ் நட்பெல்லாம் அங்கயேதான் உருவாகுது, பார்ட்டில இல்ல.

வீடியோ மீட்டிங்குக்கு ஒரே ஒரு செட்டிங் சொல்றேன், உங்க முகம் உங்களுக்குத் தெரியறதை ஆஃப் பண்ணிடுங்க, மத்தவங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஸ்டான்ஃபோர்டுல ஜெரமி பெய்லென்சன்னு ஒருத்தர் வீடியோ மீட்டிங் ஏன் இவ்ளோ களைப்பாக்குதுன்னு 2021ல எழுதினப்ப நாலு காரணம் சொன்னாரு, அதுல ஒண்ணு நாள் முழுக்க நம்ம மூஞ்சியையே நாம பாத்துட்டு இருக்கறது. மத்தது, எல்லாரும் ரொம்ப கிட்டத்துல இருந்து முறைக்கற மாதிரி தெரியறது, அசையாம உட்கார்ந்தே இருக்கறது, தலை ஆட்டறது மாதிரி சைகையை எல்லாம் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியிருக்கறது. மீட்டிங் விண்டோவைச் சின்னதாக்கி வச்சா முறைக்கறதும் குறையும்.

நாலாவது படி: வீடு, ரூம், பி.ஜி.

ஆபீஸ்ல இருந்து வந்ததும் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு இருபது நிமிஷம் வேணும். இது இல்லன்னா நீங்க என்ன பண்ணினாலும் வேலைக்கு ஆகாது. பஸ்ல வர்றவங்க ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடங்க. பைக்ல வர்றவங்க தெரு முனைல காய்கறிக் கடையில நின்னு வாங்கிட்டு வாங்க. கையில கொத்தமல்லிக் கட்டு இருந்தா லேட்டா வந்ததுக்கு யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.

வீட்டுக்குள்ள தனியா இருக்க வழி தரும் வேலைங்களைக் கண்டுபிடிங்க. மொட்டை மாடில துணி காயப் போடறது, எடுக்கறது, மடிக்கறது. செடிக்குத் தண்ணி ஊத்தறது. நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போறது. காலைல பால் வாங்கப் போறது, இது ரொம்ப நல்ல வேலை, அஞ்சரை மணிக்குத் தெருவுல எவனும் பேச மாட்டான். இதெல்லாம் நான் பாத்துக்கறேன்னு பொறுப்பா கேட்டு வாங்கிட்டீங்கன்னா ரெண்டு லாபம், நல்ல பேரும் கிடைக்கும், தினமும் முக்கால் மணி நேரம் தனிமையும் கிடைக்கும்.

பொண்ணுங்களுக்கு இங்க ஒரு சிக்கல் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா இந்த அட்வைஸே பொய்யாயிடும். ஆம்பளை கையில வேலை இருந்தா விட்டுடுவாங்க, பொண்ணு கையில வேலை இருந்தா இன்னொரு வேலையும் வந்து சேரும், அதுவும் அடுப்படில நாலு பேர் நடுவுல. அதனால அவங்க வேலை குடுக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, கும்பல் இல்லாத வேலையா பாத்து முந்திக்கோங்க, மாடி வேலை, பேங்க் வேலை, குழந்தையைத் தூங்க வைக்கறது. புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு இன்னும் கஷ்டம், மறுவீடு முடிஞ்சதும் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா விருந்துக்குக் கூப்பிடுவாங்க, தெரியாத வீடு, தெரியாத ஆளுங்க, எல்லாரும் உங்களையே பாப்பாங்க. வாரத்துக்கு ஒரு விருந்துன்னு புருஷன்கிட்ட முன்னாடியே பேசி முடிவு பண்ணிடுங்க, தேதி சொல்ற போனை அவரே பண்ணட்டும், அவங்க சொந்தம்தானே.

பி.ஜி.ல, ஷேர் ரூம்ல இருக்கறவங்க ரூமை நம்பாதீங்க, வெளிய ஒரு இடம் பிடிங்க. சென்னைல கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மதுரைல 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இங்கெல்லாம் நூறு பேர் நடுவுல உட்கார்ந்தாலும் ஒருத்தரும் பேச மாட்டாங்க, பேசக் கூடாதுன்னு விதியே இருக்கு. பரீட்சைக்குப் படிக்கற பசங்க கூட்டம் இருக்கும், காலைலயே போனா சீட் கிடைக்கும். சின்ன ஊர்ல இருந்தா கோயில் பிரகாரம், பகல்ல நடை சாத்தறதுக்கு முன்னாடி ஒரு பதினொரு மணி வாக்குல, இல்லன்னா சாயங்காலம் நடை திறந்த உடனே. சாமி கும்பிடறவங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க, நம்பிக்கை இல்லாதவங்களும் தூண்ல சாய்ஞ்சு உட்காரலாம், யாரும் கேக்கப் போறதில்ல.

அஞ்சாவது படி: போன்

ஆளே இல்லாத ரூம்ல இருந்துக்கிட்டு ஆறு குரூப்ல இருந்தா அது தனிமை இல்ல. குடும்ப குரூப்பை விட்டு வெளியேறாதீங்க, வெளியேறினா அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், ஆனா அங்க இருந்து விஷயம் பரவி ஒரு வருஷத்துக்குப் பேச்சா ஓடும். வாட்ஸ்அப்ல மியூட்ல எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்பவும்னு மூணு இருக்கு, எப்பவும்ங்கறதைப் போட்டு ஆர்க்கைவ்ல தள்ளிடுங்க, புது மெசேஜ் வந்தாலும் மேல ஏறி வராது. தினமும் ஒரு நேரம் வச்சு உள்ள போய் பிறந்தநாள், குழந்தை, வீடு பால் காய்ச்சறது, இதுக்கு மட்டும் ரெண்டு வார்த்தை போடுங்க. காலை வணக்கப் படத்துக்குப் பதில் தேவையில்ல, ஆனா பெரியப்பா அனுப்பினதுக்கு வாரத்துக்கு ஒரு கும்பிடு போட்டு வைங்க.

யார் வேணா குரூப்ல சேக்கறதைத் தடுக்க பிரைவசில வழி இருக்கு, தெரியாத நம்பர்ல இருந்து வர்ற அழைப்பைச் சத்தம் இல்லாம ஆக்கவும் 2023ல இருந்து வசதி குடுத்திருக்காங்க. ப்ளூ டிக்கை எடுத்துடுங்க, ஆனா குரூப்ல அது வேலை செய்யாது, யார் பாத்தாங்கன்னு அங்க தெரிஞ்சுடும், நினைவுல வச்சுக்கோங்க.

அம்மா அப்பாவுக்கு மட்டும் மெசேஜ் போதாது. தினமும் ஒரே நேரத்துல, நடந்துக்கிட்டே, அஞ்சு நிமிஷம் போன். நேரம் நிலையா இருந்தா மத்த நேரத்துல கூப்பிட மாட்டாங்க.

ஆறாவது படி: கல்யாணம்

இதுக்குத்தான் எல்லாரும் பயப்படறோம், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

தூரத்துச் சொந்தம், ஆபீஸ் ஆளு கல்யாணம்னா முதல்ல முடிவு பண்ண வேண்டியது ரிசப்ஷனா முகூர்த்தமான்னு. கூச்ச சுபாவம் இருக்கறவங்க எல்லாம் ரிசப்ஷனுக்குப் போய் தலையைக் காட்டிட்டு வந்துடலாம்னு நினைக்கறாங்க, அது தப்புக் கணக்கு. ரிசப்ஷன்ல லைட் மியூசிக் காதைக் கிழிக்கும், மேடைல போட்டோ எடுக்க வரிசை ஹால் பாதி வரைக்கும் நிக்கும், வரிசைல முன்னாடி பின்னாடி நிக்கறவங்களோட பேசணும், பந்தில இடம் பிடிக்க ஒருத்தர் சாப்பிடறதுக்குப் பின்னாடி நிக்கணும். முகூர்த்தம் அப்படி இல்ல. காலைல வர்றவங்க கம்மி, எல்லாரும் மேடையைத்தான் பாப்பாங்க, நாதஸ்வரச் சத்தத்துல யாரும் பேசவே முடியாது, கெட்டிமேளம், அட்சதை, டிபன், கிளம்பு. மணி எட்டரைக்கு வீட்டுல இருக்கலாம். அதுக்கும் மேல, முகூர்த்தத்துக்கு வந்தவங்களைத்தான் பொண்ணோட அப்பா அம்மா ஞாபகம் வச்சுப்பாங்க. கம்மி செலவுல நிறைய மரியாதை, ரிசப்ஷனுக்குத்தான் வர முடியும்னா மட்டும் பத்திரிகைல போட்ட நேரத்துக்குக் கரெக்டா போய் வரிசையில முதல் ஆளா நில்லுங்க.

சொந்த அத்தை பொண்ணு கல்யாணம்னா தப்பிக்க முடியாது, ரெண்டு நாள் மண்டபத்துலதான். ரெண்டு வாரம் முன்னாடியே சித்தப்பாவைப் பிடிச்சு "எனக்கு என்ன வேலை"ன்னு கேளுங்க. கேட்டதுக்கே அவர் பூரிச்சுப் போவார், இந்தக் காலத்துப் பிள்ளைங்க எவனும் கேக்கறதில்லன்னு. ஆனா எந்த வேலைன்னு நீங்க பாத்து வாங்கணும்.

வாங்கக் கூடாதது: வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கறது, சந்தனம் குடுக்கறது, பந்திக்கு ஆளுங்களைக் கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கறது. மூணு மணி நேரம் தொடர்ந்து சிரிக்கணும், ஒவ்வொருத்தரும் "என்னைத் தெரியுதா, யார் சொல்லு பாப்போம்"னு கேப்பாங்க.

வாங்க வேண்டியது: தாம்பூலப் பையில தேங்காய் வெத்தலை போட்டு அடுக்கறது, தனி ரூம்ல உட்கார்ந்து செய்யற வேலை. ஸ்டேஷன்ல இருந்து தாத்தா பாட்டியைக் கார்ல கூட்டிட்டு வர்றது, நடுராத்திரி ட்ரெயினா இருந்தா இன்னும் நல்லது. நகை இருக்கற ரூமுக்குக் காவல். குட்டிப் பசங்களை மேய்க்கறது, சத்தம் இருக்கும், ஆனா அவங்க உங்க சம்பளத்தைக் கேக்க மாட்டாங்க.

எல்லாத்தையும் விட உசந்தது மொய் எழுதறது. ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு நோட்டு, பக்கத்துல பணம் எண்ணி வைக்க ஒருத்தர். வர்றவங்க பேர், ஊர், தொகை, இவ்ளோதான் பேச்சு, பின்னாடி வரிசை நிக்கறதால யாரும் கதை பேச முடியாது. கல்யாணத்துக்கு வந்த எல்லாரையும் பாத்த மாதிரியும் ஆச்சு, மொய் எழுதின புள்ளைன்னு பேரும் நிக்கும். கையெழுத்து நல்லா இருக்கணும், இனிஷியல் தப்பாச்சுன்னா பத்து வருஷம் கழிச்சும் சண்டை வரும், அதை மட்டும் கவனமா பாத்துக்கோங்க. மதுரைப் பக்கமெல்லாம் இப்ப கம்ப்யூட்டர் வச்சு ரசீதே அடிச்சுக் குடுக்கறாங்க, அங்க இந்த வேலை கைமாறிப் போச்சு, நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு அது நஷ்டம்தான்.

கேள்விங்களுக்கு வருவோம். எப்ப கல்யாணம், எவ்ளோ சம்பளம், ஏன் இளைச்சுட்ட, ஏன் குண்டாயிட்ட, எப்ப நல்ல சேதி. இதுக்கு அங்க நின்னு யோசிச்சாதான் தெம்பு போகும். வீட்டுலயே ஒரு வரி தயார் பண்ணிட்டு எல்லாருக்கும் அதையே சொல்லுங்க, "அம்மா பாத்துட்டு இருக்காங்க அத்தை, வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவோம்". சொல்லி மூச்சு விடாம அடுத்ததா அவங்களைக் கேளுங்க, "முட்டி வலி எப்படி இருக்கு, அந்த டாக்டரையே பாக்கறீங்களா?" முடிஞ்சுது, இருபது நிமிஷத்துக்கு நீங்க வாயைத் திறக்க வேணாம், தலையை ஆட்டினா போதும். வயசானவங்க பக்கத்துல உட்காருங்கன்னு நான் சொல்றது இதுக்குத்தான், அவங்க சொல்லக் காத்திருக்காங்க, கேக்க ஆள் இல்ல, கேக்கறதுல நம்மளை மிஞ்ச ஆள் இல்ல. பழைய குடும்பக் கதை எல்லாம் கிடைக்கும், யார் யாரோட ஏன் பேசறதில்லைங்கறது வரைக்கும்.

கிளம்பறப்ப சொல்லாம நழுவாதீங்க. "சொல்லிக்காமப் போயிட்டான்"ங்கறது பெரிய குத்தம். பொண்ணு வீட்டுலயோ மாப்பிள்ளை வீட்டுலயோ ஒரே ஒரு பெரியவர்கிட்ட நின்னு போயிட்டு வரேன்னு சொல்லுங்க, தாம்பூலப் பையை வாங்கிட்டு நடையைக் கட்டுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டுப் போறேன்னு ஆரம்பிச்சா இன்னொரு மணி நேரம் ஆகும்.

மறுநாள் எதையும் வச்சுக்காதீங்க. முடியலன்னா அந்த மறுநாள் சாயங்காலமாவது.

ஏழாவது படி: முடியாதுன்னு சொல்றது

சீக்கிரம் சொல்லுங்க, மாத்து ஒண்ணு கையில வச்சுட்டுச் சொல்லுங்க. "சனிக்கிழமை வர முடியல மாமா, ஞாயித்துக்கிழமை காலைல வந்து பாத்துட்டுப் போறேன்." காலைல பத்து மணிக்குப் போனா ஒரு காபியோட முடிஞ்சுடும், பதினொண்ணரைக்குப் போனா சாப்பாடு வரைக்கும் உட்கார வச்சுடுவாங்க. பாக்கறேன், ட்ரை பண்றேன்னு இழுக்காதீங்க, அவங்க இலை கணக்குல உங்களைச் சேத்துடுவாங்க, நீங்களும் அந்த நாள் வரைக்கும் மனசுல அதைச் சுமந்துட்டுத் திரிவீங்க.

துக்க வீட்டுக்கு மட்டும் இந்தக் கணக்கு எல்லாம் வேணாம், போயிடுங்க. நல்லதுக்குப் போகலன்னாலும் கெட்டதுக்குப் போகணும்னு சும்மா சொல்லல. உண்மையைச் சொன்னா நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு அது கல்யாணத்தை விடச் சுலபம். யாரும் சிரிக்கச் சொல்ல மாட்டாங்க, பேச வேணாம், கையைப் பிடிச்சுட்டுப் பக்கத்துல உட்கார்ந்தா போதும், கிளம்பறப்ப சொல்லிக்கவும் கூடாது.

எட்டாவது படி: ரொம்பவும் ஒளிஞ்சுக்காதீங்க

ரெண்டு ஆய்வு இருக்கு, ரெண்டையும் சேத்துப் பாக்கணும். சிகாகோல ரயில்ல தினம் போறவங்ககிட்ட பக்கத்துல இருக்கறவரோட பேசிப் பாருங்கன்னு சொன்னாங்க, 2014ல வந்தது. பேசினா அறுவையா இருக்கும்னு நினைச்சவங்களுக்கு நினைச்சதை விட நல்லாவே இருந்திருக்கு. ஆனா மெல்போர்ன்ல ஒரு வாரம் முழுக்க வாயாடி மாதிரி நடந்துக்கோங்கன்னு சொல்லிப் பாத்தாங்க, 2019ல வந்தது, சராசரியா ஆளுங்களுக்குச் சந்தோஷம் கூடுச்சு, ஆனா நல்ல இன்ட்ரோவர்ட்டுங்களுக்குக் களைப்பும், தான் தானா இல்லங்கற உணர்வும்தான் கூடுச்சு. அப்ப பத்து நிமிஷம் பேசறது நல்லது, நாள் முழுக்க நடிக்கறது கெட்டது, நான் புரிஞ்சுக்கிட்டது அவ்ளோதான்.

போகறதுக்கு முன்னாடி வர்ற அலுப்பை நம்பாதீங்க, அது எப்பவுமே கொஞ்சம் மிகையா சொல்லும். போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு அந்த நோட்டுல எழுதினது பாருங்க, அதான் உண்மை. அதுல சில பேர் பக்கத்துல மார்க் ஏறவே ஏறாது, மணிக்கணக்கா இருந்தாலும். அந்த ரெண்டு மூணு பேரை மட்டும் களைப்பா இருக்குன்னு சொல்லித் தள்ளிப் போடாதீங்க. நாம பெரும்பாலும் தலைகீழாதான் பண்றோம், கூச்சத்துல ஊரான் ஃபங்ஷனுக்கெல்லாம் போயிட்டு உயிர் நண்பன் கூப்பிட்டா இன்னொரு நாள் பாக்கலாம்டாங்கறோம், ஏன்னா அவன் கோவிச்சுக்க மாட்டான்.

ஒன்பதாவது படி: பயமா இருந்தா

முதல் படில பயம்னு வந்தவங்களுக்கு. ஆளுங்களைப் பாக்கணுமேன்னு நினைச்சு இன்டர்வியூவை விட்டது, க்ளாஸுக்குப் போகாம இருந்தது, நாலு பேர் முன்னாடி சாப்பிட முடியாம இருக்கறது, இது ஆறு மாசத்துக்கு மேல ஓடிட்டு இருக்குன்னா அது சுபாவம் இல்ல, சமூகப் பதற்றம்னு டாக்டருங்க பாக்கற ஒரு பிரச்சனையா இருக்கலாம், அதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. பேச்சுவழி சிகிச்சை இருக்கு, தேவைப்பட்டா மருந்து இருக்கு. மத்திய அரசோட டெலி மானஸ் 2022 அக்டோபர்ல இருந்து ஓடுது, நம்பர் 14416, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

போன்ல பேசறதே பிரச்சனைன்னா மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு ஓபி இருக்கும், சீட்டு வாங்கறப்பவே எந்த நாள்னு கேட்டுக்கோங்க. போறதுக்கு முன்னாடி என்னல்லாம் ஆகுது, எப்ப இருந்து, எதையெல்லாம் இதனால விட்டீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. டாக்டர் முன்னாடி வாய் வரலன்னா அந்தப் பேப்பரை நீட்டுங்க, படிச்சுட்டு அவரே கேள்வி கேப்பார், ஆமா இல்லன்னு சொன்னா போதும்.